பேதுரு சொன்ன ‘இல்லை’

மாட்டுக் களவுக்கெல்லாம் துப்பறியப் போவதில்லை என்று அடைக்கலநாதர் சொல்லி முடிப்பதற்குள், மரியப்பிள்ளை அவர் ஏறவிருந்த காரின் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“இறங்கு பிள்ளை.”

“இறங்கமாட்டன், ஐயா. பின்னேரம் நாலு மணிக்குப் பொலிசு வந்து என்ரை மனுசனைக் கொண்டுபோயிடும்.”

முன்னாசனத்தில் இருந்த தாஹிர் திரும்பிப் பார்த்தான்.

“முதலியார், இவவை இறக்கிறதெண்டால் நாலு பேர் வேணும். கொண்டுபோறதெண்டால் நான் ஒருத்தன் காணும். எது சுகம்?”

அடைக்கலநாதர் பெருமூச்சு விட்டார். குடையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

அவர் இருபத்திரண்டு வருஷம் கோட்டிலே மொழிபெயர்ப்பு முதலியாராக இருந்தவர். சாட்சிகள் தமிழில் சொல்வதை வெள்ளைக்கார நீதவானுக்கு இங்கிலீசில் சொல்வது உத்தியோகம். ஒருநாள் ஒரு சாட்சி “இல்லை” என்றான். என்ன சொல்கிறான் என்று நீதவான் கேட்டார். எதை இல்லை என்கிறான் என்பதுதான் விளங்கவில்லை என்று தொடங்கிய அடைக்கலநாதர், முக்கால் மணி நேரம் விளக்கம் சொன்னார். அடுத்த மாதம் அவரை இளைப்பாற அனுப்பினார்கள். இளைப்பாறத் தெரியாதவர், துப்பறியத் தொடங்கினார்.

தாஹிர் அந்த ஒஸ்ரின் காரின் சொந்தக்காரன். சாரதியும் அவனே, துப்பறிவதில் உதவியாளும் அவனே. சோனகத்தெருவில் நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன். காரின் ஹோர்ன் பழுதாகி இரண்டு வருஷம். அந்தக் குறை தெரியாமல் அவனுடைய வாய் பார்த்துக்கொண்டது.

1934ஆம் ஆண்டு, ஆனி மாதத்துச் சனிக்கிழமை. வெயில் ஏறமுன் கார் பட்டணத்தை விட்டுச் சண்டிலிப்பாய்ப் பக்கம் திரும்பியது. வழியில் மரியப்பிள்ளை கதையைச் சொன்னாள்.

அவளுடைய புருஷன் பேதுரு, ஆலடிக் குறிச்சியில் பரமலிங்கம் என்ற கமக்காரரிடம் மாடு பார்க்கிறவன். அவருடைய சவாரி மாடு வெள்ளையன் என்றால் வலிகாமம் முழுக்கத் தெரியும். பக்கத்து வளவு நாகலிங்கத்திடமும் சவாரி மாடுகள் உண்டு. நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேருக்கும் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டி. தோற்றவர் மீசையை எடுக்கவேண்டும் என்று பந்தயம். வியாழக்கிழமை மத்தியானம் பேதுரு சாப்பிட வீட்டுக்குப் போனான். மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது வளவின் வாசற்படலை திறந்து கிடந்தது, மாட்டைக் காணவில்லை, பரமலிங்கம் ஒழுங்கையில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார். படலையைத் திறந்துபோட்டு மாட்டைக் கள்ளருக்குக் கொடுத்தவன் பேதுருதான் என்று அவர் முறைப்பாடு வைத்தார்.

“நேற்றுக் கிணத்தடிக்குப் போனன், ஐயா. கதைச்சுக்கொண்டு நிண்ட பெண்டுகள் எல்லாரும் வாயை மூடிட்டினம். நான் தண்ணி அள்ளி முடியுமட்டும் ஒருதரும் கதைக்கேல்லை. ஏசினால்கூடப் பறுவாயில்லை.”

தாஹிர் காரின் வேகத்தைக் கூட்டினான்.

ஊர் அதிகாரியான விதானையாரின் வீட்டு விறாந்தையில் ஒரு வாங்கில் பேதுரு குந்தியிருந்தான். ஒல்லியான, அமைதியான மனிதன். இடுப்பில் வெள்ளைக் கயிறு. அதில் பூட்டுக்குரிய திறப்பு ஒன்று. கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தான்.

விதானையார் எழுதுவதில் பெரும் பிரியமுள்ளவர். ஊரில் யார் எதைச் சொன்னாலும் தன் கொப்பியில் எழுதி, திகதி போட்டு, கீழே கோடு இழுத்தால்தான் அவருக்குச் சோறு செமிக்கும்.

“வாக்குமூலம் வடிவாய்க் கிடக்கு. பாருங்கோ, முதலியார்.”

அடைக்கலநாதர் வாசித்தார்: ‘படலையை நான் பூட்டவில்லை. மாட்டை நான் கட்டவில்லை.’ கீழே பேதுருவின் கைநாட்டு.

“பேதுரு உப்பிடியே சொன்னவன்?”

“நான் கேட்டன். அவன் மறுமொழி சொன்னவன்.”

“என்ன கேட்டியள்? சொல்லுக்குச் சொல் வேணும்.”

“‘படலையைப் பூட்டி, மாட்டையும் கட்டிப்போட்டே போனனீ?’ எண்டு கேட்டன். ‘இல்லை’ எண்டான்.”

“ஒரு இல்லையை வாங்கி, இரண்டு இல்லை எழுதிப்போட்டியள்.”

“இல்லை எண்டால் இல்லைதானே!” விதானையாருக்குக் கோபம் வந்துவிட்டது.

அடைக்கலநாதர் உதவியாளனிடம் திரும்பினார்.

“தாஹிர், காலமை குளிச்சு, சாப்பிட்டிட்டே வந்தனீர்?”

“இல்லை, முதலியார்.”

“எழுதுங்கோ, விதானையார். தாஹிர் குளிக்கவில்லை. தாஹிர் சாப்பிடவில்லை.”

“அல்லாவே! உதை எழுதிப்போடாதேங்கோ!” தாஹிர் பதறினான். “சுபஹுத் தொழுகைக்கு முன்னமே குளிச்ச ஆள் நான். சாப்பாடுதான் இல்லை. பிட்டுக்குத் தேங்காய்ப்பூப் போடமுன்னம் நீங்கள் ஆள் அனுப்பிட்டியள்.”

விதானையாரின் பேனை நடுவில் நின்றது.

“விளங்குதே?” என்றார் அடைக்கலநாதர். “இரண்டு காரியத்தைச் சேர்த்துக் கேட்டால், ஒண்டு நடக்காட்டிலும் நேர்மையான ஆள் இல்லை எண்டுதான் சொல்லுவான். எது நடக்கேல்லை எண்டு பேந்து கேக்கவேணும். பேதுரு, படலை?”

“பூட்டினனான், ஐயா.”

“மாடு?”

“கட்டேல்லை.”

“உதை ஏனடா எனக்குச் சொல்லேல்லை?” என்று விதானையார் சீறினார்.

“நீங்கள் எழுதிக்கொண்டிருந்தியள், ஐயா. குழப்பக்கூடாதெண்டு நிண்டனான்.”

தாஹிர் முகத்தைத் தூணுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

“ஏன் கட்டேல்லை?” என்று அடைக்கலநாதர் கேட்டார்.

“முன்னங்கால் வீங்கிப்போச்சு. கட்டினால் கயிறு இழுக்கும், நல்லாய்ப் படுக்கமாட்டுது. ஆமைப்பூட்டுப் போட்டுப் படலையைப் பூட்டினால் எங்கை போகப்போகுது எண்டு அவிட்டு விட்டனான்.”

“திறப்பு எத்தினை?”

“இரண்டு. ஒண்டு இந்தா, என்ரை அரையிலை. மற்றது கமக்காரரட்டை.”

அடைக்கலநாதர் அதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியபோது, கொப்பியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தாஹிர் துள்ளினான்.

“முதலியார்! அடுத்த பக்கத்தைப் பாருங்கோ. ஆளைப் பிடிச்சிட்டன்!”

அந்தப் பக்கத்தில் நாகலிங்கத்தின் சத்தியம் இருந்தது. பரமலிங்கம் அவர்மேலும் சந்தேகப்பட்டதால், வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் கற்பூரம் கொளுத்தி, ஊரார் முன்னிலையில் சொன்னது: ‘நான் படலையாலே போய் மாட்டைக் கொண்டுவரவில்லை.’

“இவரும் இரண்டைச் சேர்த்துத்தான் இல்லை எண்டிருக்கிறார்,” என்றான் தாஹிர். “படலையாலை போகேல்லை, சரி. வேலிப்பொட்டாலை போனார்! மாட்டைக் கொண்டுவந்தார்! சத்தியமும் பொய்யில்லை, மாடும் கையிலை. ஏழை ‘இல்லை’ எண்டால் இரண்டுக்கும் குற்றம். பணக்காரன் ‘இல்லை’ எண்டால் இரண்டுக்கும் விடுதலை. நல்ல கொப்பி, விதானையார்!”

“வாயைக் கொஞ்சம் பொத்தும்,” என்றார் அடைக்கலநாதர். ஆனாலும் எழுந்து குடையை எடுத்தார்.

இரண்டு வளவுக்கும் நடுவில் கிளுவை வேலி. அதில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டு இருக்கத்தான் இருந்தது. யாரோ அண்மையில் கதியாலை விலக்கி நுழைந்திருக்கிறார்கள். முள்ளில் சால்வைத் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. தாஹிர் வெற்றியோடு அதை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு நாகலிங்கத்தின் வீட்டு முற்றத்துக்கு நடந்தான்.

நாகலிங்கம் பெரிய வயிற்றுக்காரர். மேற்சட்டை இல்லாமல் கதிரையில் சாய்ந்திருந்தார். வயிற்றில் குறுக்காக நாலு கீறல். மேலே மஞ்சள் பூசியிருந்தது.

“கிளுவை முள்ளு கீறினால் எரியுமே, அண்ணை?” என்று தாஹிர் அனுதாபத்தோடு கேட்டான்.

நாகலிங்கம் அவனையும், அவன் தோளில் கிடந்த துண்டையும், அடைக்கலநாதரையும் பார்த்தார். சட்டென்று எழுந்து வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மெல்லக் கதையுங்கோ. மனுசிக்குத் தெரியாது.”

“மாட்டை எங்கை வைச்சிருக்கிறியள்?”

“மாட்டையோ? ஐயா, நான் போனது மாட்டைப் பாக்க! வெள்ளையன் நொண்டுது எண்டு ஒரு கதை காதிலை விழுந்தது. கண்ணாலை கண்டால்தான் மனம் ஆறும் எண்டு, வியாழக்கிழமை ஒரு மணி போலை, பொட்டுக்குள்ளாலை பூந்து போய்ப் பாத்தன். படுத்துக் கிடந்தது. முன்னங்கால் பூசணிக்காய் மாதிரி. அண்டைக்குச் சாப்பிட்ட சோறு இண்டைக்கும் வாயிலை இனிக்குது.”

“பேந்து?”

“பேந்தென்ன? போன வழியாலை திரும்பி வந்தன். வரேக்கைதான் இந்தக் கீறல். அடுத்தவன் வளவுக்குள்ளை களவாய்ப் பூந்தனான் எண்டு கோயிலிலை சொல்லேலுமோ? அதுதான் சொல்லைக் கொஞ்சம் பாத்துச் சொன்னன்.” நாகலிங்கம் முன்னால் குனிந்தார். குரலில் உண்மையான துயரம். “அந்த மாடு களவு போனால் எனக்கல்லோ நட்டம்! அது திடலுக்கு வந்தால் தோக்கும். மாட்டைக் கண்டுபிடிச்சுக் குடுத்தால் பிள்ளையாருக்கு நூறு தேங்காய் அடிக்கிறன் எண்டு நேர்த்தி வைச்சிருக்கிறன், ஐயா.”

ஒழுங்கையிலும் சந்தியிலும் விசாரித்துத் திரும்பும்போது மணி மூன்றாகிவிட்டது. தாஹிர் தோளிலிருந்த துண்டை எடுத்து வேலியில் மாட்டினான்.

“எவ்வளவு வடிவாய்க் கண்டுபிடிச்சன். எல்லாம் வீணாய்ப் போச்சு.”

“படலையாலை போய்க் கொண்டுவரேல்லை எண்டால் வழி மூண்டு, தாஹிர். படலையாலை போயும் மாட்டைக் கொண்டுவராமல் விட்டிருக்கலாம். வேறை வழியாலை போய்க் கொண்டுவந்திருக்கலாம். இரண்டும் செய்யாமலும் இருக்கலாம். நீர் உமக்குப் பிடிச்ச வழியிலை காரை விட்டுட்டீர். அதோடை, அந்தப் பொட்டுக்குள்ளாலை நாகலிங்கம் வரவே நாலு கீறல். மாடு வந்திருந்தால் வேலி மிஞ்சுமோ?”

“அப்ப படலை?”

“பூட்டியிருந்தது.”

“ஒழுங்கையிலை பட்டப்பகலிலை நொண்டி மாடு போனதை ஒருதரும் காணேல்லை. சந்தியிலை தேத்தண்ணிக் கடைக்காரனை விசாரிச்சனான். அவன் எறும்பு போனாலும் ஊர் பேர் கேக்கிற ஆள்.” தாஹிர் தலையைச் சொறிந்தான். “படலையாலும் போகேல்லை, வேலியாலும் போகேல்லை. மாட்டுக்குச் செட்டை முளைச்சதோ?”

அடைக்கலநாதர் நடுவழியில் நின்றார். பிறகு விதானையார் வீட்டுப் பக்கம் அவர் நடந்த வேகத்தில், தாஹிர் பின்னால் ஓடவேண்டியிருந்தது.

“விதானையார்! அந்த மீசைப் பந்தயம். அதையும் எழுதியிருப்பியளே?”

“எழுதாமல்? போன மாதம், சவாரித் திடலிலை, என்ரை முன்னிலையிலை.” விதானையார் பெருமையோடு பக்கங்களைப் புரட்டினார்.

பரமலிங்கம் சொன்னது அங்கே இருந்தது: ‘என் வெள்ளையன் திடலுக்கு வந்து தோற்றால் நான் மீசையை எடுக்கிறேன்.’

அடைக்கலநாதர் அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவியது. தாஹிருக்கு அந்தச் சிரிப்பு தெரியும். உடனே வாசலுக்குப் போய்க் காரை ஸ்டார்ட் பண்ணினான்.

“வந்து தோத்தால். இரண்டும் நடந்தால்தான் மீசை போகும். தோக்காமல் இருக்கிறது பரமலிங்கத்தின்ரை கையிலை இல்லை. வராமல் இருக்கிறது?” அவர் கொப்பியை மூடினார். “விதானையார், வாங்கோ. பேதுருவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. நேரம் மூண்டரை.”

பரமலிங்கம் தன் வளவுப் படலையில் நின்று வரவேற்றார். மனிதரைவிட மீசைதான் முதலில் கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் மெழுகு தடவி முறுக்கி, நுனி கண்ணை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் மரியப்பிள்ளையோடு வந்த பேதுருவைக் கண்டதும் அது ஒருமுறை துடித்தது.

“உந்தக் கள்ளனை ஏன் இஞ்சை கொண்டுவந்தனியள்?”

மரியப்பிள்ளை வாயைத் திறந்தாள். அடைக்கலநாதர் கையால் அமர்த்தினார்.

“ஒரே ஒரு கேள்வி, பரமலிங்கம். மாட்டை வெளியிலை கொண்டுபோய் ஒளிச்சனியளோ?”

“இல்லை! பிள்ளையாராணை இல்லை!” பரமலிங்கம் நெஞ்சில் அடித்தார்.

விதானையாரின் கை கொப்பியைத் தேடியது.

“பொறுங்கோ, எழுதாதேங்கோ,” என்றார் அடைக்கலநாதர். “பிழை என்னிலை. இரண்டு கேள்வியைச் சேர்த்துப்போட்டன். தனித்தனியாய்க் கேக்கிறன். மாட்டை வெளியிலை கொண்டுபோனியளோ?”

“இல்லை.” பதில் உடனே வந்தது.

“ஒளிச்சனியளோ?”

பரமலிங்கம் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். அதில் இருந்த காகம் ஒன்று ஏதோ சொன்னது.

“பேதுரு படலையைப் பூட்டினவன்,” என்று அடைக்கலநாதர் தொடர்ந்தார். “ஒரு மணிக்கு மாடு உள்ளுக்குக் கிடந்ததைக் கண்ட ஆள் இருக்கு. மூண்டு மணிக்குப் பூட்டு உடையாமல் படலை திறந்து கிடக்கு. ஒரு திறப்பு பேதுருவின்ரை அரையிலை, மற்றது உங்களட்டை. வீங்கின காலோடை மாடு கனதூரம் நடவாது. வேலி தாண்டவும் இல்லை, ஒழுங்கையிலை போகவும் இல்லை. அப்ப அது இந்த வளவை விட்டு வெளிக்கிடவே இல்லை. படலை பூட்டேல்லை எண்டு கொப்பியிலை இருந்தபடியால், உள்ளுக்கை தேட ஒருதருக்கும் யோசினை வரேல்லை.”

“உள்ளுக்கை எங்கை கிடக்கு? தேடுங்கோவன்!” பரமலிங்கத்தின் குரல் உயர்ந்தது. “வீட்டைப் பாருங்கோ, கொட்டிலைப் பாருங்கோ. அந்தப் புகையிலைக் குடிலை மட்டும் திறவாதேங்கோ. புகை போட்டிருக்கு. காத்துப் பட்டால் புகையிலை பதம் கெட்டுப்போகும்.”

எல்லோரும் வளவின் கோடியில் இருந்த புகைக்குடிலைப் பார்த்தார்கள். ஓலைக் கூரை வெயிலில் பளிச்சென்று கிடந்தது.

“நான் ஒரு சுருட்டுப் பத்தினாலே உதைவிடக் கனக்கப் புகை வருமே,” என்றான் தாஹிர்.

பேதுரு யாரையும் கேட்கவில்லை. இரண்டு அடி முன்னால் வைத்து, அவ்வளவு பெரிதாகவும் இல்லாத குரலில் கூப்பிட்டான்.

“வெள்ளையா.”

குடிலுக்குள்ளிருந்து ‘ம்ம்மா’ என்று ஒரு நீண்ட சத்தம் எழுந்தது. இரண்டு நாளாக அடைத்துவைத்திருந்த சத்தம். அடுத்த கணம் உள்ளேயிருந்து கொம்பு கதவில் மோதியது.

பரமலிங்கம் அப்படியே படலைக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

“புதன்கிழமையே கால் வீங்கியிருக்கெண்டு சொன்னனான், ஐயா,” என்றான் பேதுரு, அவரைப் பார்க்காமல். “சவாரி வேண்டாம் எண்டும் சொன்னனான்.”

“மீசை, விதானையார்,” என்றார் பரமலிங்கம். “என்ரை அப்பு வைச்ச மாதிரி மீசை. நாகலிங்கத்துக்கு முன்னாலை எப்பிடி…”

“அதுக்கு ஒரு மனுசனை மறியற்சாலைக்கு அனுப்பப் பாத்தியளோ?” மரியப்பிள்ளை முன்னுக்கு வந்தாள். “எனக்குப் பிள்ளையள் மூண்டு. கள்ளன்ரை பிள்ளையள் எண்டு சொல்லியிருப்பினம். சாகுமட்டும் சொல்லியிருப்பினம்.”

அந்த நேரம் பார்த்து வேலிக்கு மேலால் நாகலிங்கத்தின் தலை எழும்பியது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

“அப்ப மீசை எனக்குத்தானே?”

“இல்லை,” என்றார் அடைக்கலநாதர். “மாடு நாளைக்குத் திடலுக்கு வராது. பந்தயத்தின்படி மீசை தப்பிட்டுது.”

பரமலிங்கத்தின் கை தானாக மீசையைத் தேடிப் போனது. நாகலிங்கத்தின் தலை மெல்ல இறங்கியது.

நாலு மணிக்குப் பொலிசார் வந்தார்கள். கொண்டுபோக ஆள் இல்லை என்று விதானையார் சொன்னார். பொய் முறைப்பாடு வைத்தவரைக் கொண்டுபோகலாமே என்று அவர்கள் கேட்டார்கள். விதானையார் மரியப்பிள்ளையைப் பார்த்தார். பேதுரு சொல்லமாட்டான்; முறைப்பாடு சொல்வதென்றால் அவள்தான் சொல்லவேண்டும். பரமலிங்கமும் அவளைப் பார்த்தார். மூன்று நாளைக்கு முன்னம் அவர் அவளைப் பார்த்திருந்தாலும் கண்டிருக்கமாட்டார்.

அவள் பேதுருவின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“மறியல் வேண்டாம். நாளைக்குச் சவாரித் திடலிலை, எல்லாச் சனத்துக்கும் முன்னாலை, பேதுரு கள்ளனில்லை எண்டு இவர் சொல்லவேணும்.”

“சொல்லுறன், பிள்ளை. கட்டாயம் சொல்லுறன்.”

“மீசையோடை வந்து சொன்னால் ஒருதரும் நம்பாயினம். ஏதோ பகிடி எண்டு நினைப்பினம்.”

தாஹிர் காரில் சாய்ந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். பொலிசார் இரண்டு பேரும் ஏதோ அலுவல் இருப்பதுபோல் மறுபக்கம் திரும்பினார்கள். பரமலிங்கம் முதலியாரைப் பார்த்தார், விதானையாரைப் பார்த்தார், கடைசியில் வீட்டுப் பக்கம் திரும்பி, சவரம் செய்யப் பரியாரியைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

பரியாரி கத்தி தீட்டும் சத்தம் முன்முற்றத்தில் கேட்டபோது, பேதுரு புகைக்குடிலுக்குள் முழங்காலில் இருந்தான். வெள்ளையன் அவனுடைய தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்றது. அவன் அதன் முன்னங்காலைத் தூக்கி, குளம்பின் பிளவை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மரியப்பிள்ளை வாசலில் வந்து நின்றாள்.

“வீட்டை வாங்கோ. முதலியார் காரிலை கொண்டுபோய் விடுறாராம். பிள்ளையள் வாசலையே பாத்துக்கொண்டு இருக்குதுகள்.”

“இந்தா, வாறன்.”

அவன் அசையவில்லை. அவள் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு அடுப்படிப் பக்கம் போய், யாரையும் கேட்காமல், ஒரு சட்டியில் சுடுதண்ணீரும் ஒரு கை உப்பும் எடுத்து வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் குந்தி, மாட்டின் காலைத் தன் மடியில் தாங்கிப் பிடித்தாள்.

“ஆடாமல் பிடி,” என்றான் பேதுரு.

பெருவிரல் நீளத்துக்கு ஒரு ஈச்சமுள் இரத்தத்தோடு வெளியே வந்தது.